பதினேழாம் எண் தாய்

ஆகஸ்ட் 6, ஞாயிறு. இரவு 1.40

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், மேடம். பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். மூன்று மணிக்கு எழுந்துவிடுவாள். பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆய்வில் சேர்ந்த முதல் நாள், பிள்ளை பெற்றவர்களும் பெறப்போகிறவர்களுமாக எங்கள் முப்பது பேரையும் உட்காரவைத்து நீங்கள் பேசியது நினைவிருக்கிறது. "படிவத்துல கட்டம்தான் இருக்கும். கட்டத்துக்குள்ள அடங்காதத நோட்டுல எழுதுங்க. பிள்ளைக்கு ஆறு மாசம் ஆனதும் வாங்கிக்கிறேன்." எல்லா நோட்டுகளையும் வைத்துத் தமிழ்த்துறை ஆசிரியை ஒருவர் மேடை நாடகம் எழுதப்போகிறார் என்றும் சொன்னீர்கள். நாடகத்துக்கு ஆகிற மாதிரி என்னிடம் ஒன்றுமில்லை. இன்று பதினோரு ஈரத்துணி. ஏழு முறை பால் கொடுத்தேன். பால் ஊற நீங்கள் தந்த சத்து உருண்டை காலை ஒன்று, மாலை ஒன்று. உங்கள் உருண்டையில் சதகுப்பை வாசனைதான் முதலில் வருகிறது, அப்புறம் கருப்பட்டி. பிடிக்கத்தான் செய்கிறது. பால்தான் இன்னும் ஊறவில்லை.

அத்தைக்கு (என் மாமியார், அங்கன்வாடிப் பணியாளர், உங்களுக்குத் தெரியும்) இன்று தாய்ப்பால் வார ஊர்வலம். பிள்ளைகள் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே கடைவீதி முழுக்கப் போனார்களாம். வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "அருப்புக்கோட்டையே என்னயத்தான் பாத்துச்சு. ஒன் மருமக என்ன குடுக்கான்னு ஒருத்தி கேட்டா. எம்மருமக அதுக்கே படிச்சவடின்னேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

எடை பார்க்கும் நாள். ரிஸ்வானா பத்து மணிக்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆய்வு மாணவி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் மேடம், இந்த வெயிலில் பஸ் மாறி வந்தும் முகம் சுளிப்பதில்லை.

"அக்கா, டிரெஸ்ஸெல்லாம் கழட்டிருங்க. அரைஞாண்கொடி மட்டும் இருக்கட்டும்."

எண் ஓடி ஓடி நின்றது. அவள் பாப்பாவைத் தூக்கிவிட்டு மறுபடியும் வைத்தாள். மறுபடியும் அதே எண். மூன்று கிலோ முந்நூற்று இருபது. போன வாரத்தைவிட நாற்பது கிராம்தான் கூடுதல்.

"மெஷின் சரியா இருக்கா ரிஸ்வானா?"

"காலைல ஒரு கிலோ வெயிட்டு வச்சுப் பாத்துட்டுத்தான்க்கா கெளம்புனேன்."

அத்தை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மூத்திரம் பேஞ்ச கையோட தூக்கி வச்சா அப்பிடித்தான் காட்டும். அதுவே அம்பது கிராம் இருக்கும்லத்தா?" ரிஸ்வானா சிரித்துவிட்டாள்.

பிறகு படிவம். தாய்ப்பால் தவிர வேறு பால்? இல்லை. தண்ணீர்? இல்லை. உரைமருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர்? இல்லை, இல்லை, இல்லை.

"எதுக்கும் ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிருங்கக்கா. மேடமும் சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். காட்டுகிறேன் என்றேன். இந்த வாரம் கூட்டம் அதிகமாக இருக்கும். அடுத்த வாரம் பார்க்கலாம்.

எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வில் ஒரு பொம்மையை மடியில் வைத்துப் பால் புகட்டும் முறையை நான் செய்து காட்டியதும், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உங்களைத் திரும்பிப் பார்த்ததும் ஏனோ இன்று முழுக்க ஞாபகம் வந்தது. அந்தப் பொம்மை அழவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

உருண்டை இன்று நான்கு சாப்பிட்டேன். எழுத வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12, சனி

ஒரு காரியம் நடந்துவிட்டது. எழுதலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

வியாழக்கிழமை ராத்திரி நான் அசந்து தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தால் பாப்பாவின் கடைவாயில் வெள்ளையாக இருந்தது. அத்தை பவுடர் பால் கரைத்துப் பாலாடைச் சங்கில் ஊட்டியிருக்கிறார். வயதானவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது மேடம். பிள்ளை அழுதால் பொறுக்காது.

பாப்பா அதன்பிறகு நான்கு மணிநேரம் ஒரே தூக்கம். எனக்குப் பயம் வந்து மூக்கருகில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது. வயிறு நிறைந்த பிள்ளை அப்படித் தூங்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒரே ஒரு தடவைதான் என்பதால் படிவத்தில் 'இல்லை' என்றே குறித்திருக்கிறேன். பாலாடையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுத்தான் எடுத்தது. முப்பது மில்லிக்கு ஒரு கரண்டி, குவிக்காமல் கத்தி முனையால் மட்டம்தட்டி. அதில் தப்பு ஏதும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

நேற்று சுதந்திர தினம் என்பதால் ரிஸ்வானா இன்று வந்தாள்.

மூன்று கிலோ அறுநூற்றுப் பத்து!

"மாஷா அல்லாஹ்! அக்கா, இருநூத்தித் தொண்ணூறு கூடியிருக்கு! எட்டே நாள்ல!" அவள் வாசல் நடையிலேயே நின்று உங்களுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் உங்கள் குரல் வந்தது.

"நாகஜோதி, என்னம்மா செஞ்ச?"

"ஒண்ணுமில்ல மேடம். உருண்டையக் கூட்டிக்கிட்டேன்."

"எத்தன?"

"நாலு."

பேனா எழுதும் சத்தம் கேட்டதுபோல இருந்தது. "முப்பது பேர்ல யாருக்கும் இப்பிடி ஏறல. நாலு சாப்பிட்டா என்ன ஆகுதுன்னு தனியாப் பாக்கணும். ரிஸ்வானா, பதினேழாம் நம்பருக்குக் கூடுதலாக் குடுத்துட்டு வா."

படிவத்தில் எங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். இன்றிலிருந்து பதினேழு என்றால் உங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும் என்று ரிஸ்வானா சொன்னாள்.

அத்தையிடம் அவள் சும்மா கேட்டாள், "வேற எதுவும் குடுக்கலையே பாட்டி?" அத்தை முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "எங்க வீட்டுப் பக்கம் பவுடர் வாசமே வராதுத்தா. நான் பாக்குற வேலைக்கு அது அடுக்குமா?"

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

நீங்கள் கேட்ட கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டேன், மேடம். ஐந்து முறை எழுதிக் கிழித்தேன்.

ஆய்வுக்கான மானியம் ஜூனோடு நின்றுவிட்டது என்பதை நீங்கள் போனில் சொல்லித்தான் அறிந்தேன். ரிஸ்வானாவுக்கு இரண்டு மாதமாக உதவித்தொகை இல்லையாம். கேழ்வரகும் எள்ளும் உங்கள் கைக்காசில் வாங்கியிருக்கிறீர்கள். அந்தப் பெண் இதை என்னிடம் சொன்னதே இல்லை. பழைய மாணவிகளிடம் நன்கொடை கேட்டு 'ஆசிரியர் ஆய்வு, படைப்புப் பணி நிதி' என்று ஒன்று தொடங்கியிருக்கிறீர்கள். உருண்டை ஆய்வும் தாய்மார் நாடகமும் இனி அதிலிருந்துதான் நடக்க வேண்டும். "நான் கேட்டா வேண்டுகோள். நீ எழுதுனா சாட்சி" என்றீர்கள்.

நான் எழுதியது:

"நான் இந்தத் துறையில் படித்தவள். இன்று இந்த ஆய்வின் பதினேழாம் எண் தாய். என் மகள் எடை ஏறாமல் தவித்தபோது என் ஆசிரியையின் கையால் உருவான உணவு எனக்குப் பாலானது. வேறொரு துளியும் அவள் வாயில் படவில்லை. நீங்கள் தரும் நன்கொடை இன்னொரு தாயின் மடிக்குப் போய்ச் சேரும்."

கடைசி வரி நன்றாக இருக்கிறது என்று பதில் அனுப்பியிருந்தீர்கள். நன்றி.

நானும் நிதிக்குக் கொஞ்சம் அனுப்பினேன். பெயர் வைத்த அன்று பாப்பாவுக்கு வந்த மொய் அப்படியே இருந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் போனில் கத்தினார்.

"ஏய், பிள்ளைக்கு வந்த காச எடுத்துக் காலேஜுக்குக் குடுத்தியா? ஒனக்கு அங்க இன்னும் பீஸ் பாக்கி இருக்கா?"

"நல்ல காரியம்ங்க."

"நல்ல காரியம்தான். அதுக்கு மொத்தத்தையுமா?"

பாப்பா அழுகிறாள் என்று வைத்துவிட்டேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 24, வியாழன்

கடிதம் எல்லோருக்கும் போய்விட்டது. நானும் பாப்பாவும் இருக்கிற படத்தோடு. காலையிலிருந்து போன் ஓயவில்லை. என்னோடு படித்த செண்பகவல்லி மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரி சமையல்கூடத்தில் வேலை.

"அடியே ஜோதி, கன்னத்தப் பாத்தா கடிக்கணும்போல இருக்குடி. ரெண்டு மாச ஓவர்டைம் காச அனுப்பிட்டேன், தெரியுமா?"

"எதுக்குடி அவ்வளவு?"

"எனக்குப் பால் வரல. எம்பையனுக்கு முழுக்க டப்பாப்பால்தான். மாமியார் இன்னைக்கும் சொல்லிக் காட்டுது. அந்த உருண்டை அப்ப இருந்திருந்தா... சரி விடு. இனிமே இருக்குறவளுகளுக்காவது கெடைக்கட்டும்."

அவளுக்குப் பால் வராத கதை எனக்குத் தெரியவே தெரியாது. மூன்று வருடமாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

நாற்பத்தாறு பேர் இதுவரை கொடுத்திருக்கிறார்கள் என்று ரிஸ்வானா செய்தி அனுப்பினாள். அவளுக்கு இந்த மாத உதவித்தொகை கிடைத்துவிடுமாம். மூன்று கைகூப்பும் பொம்மை போட்டிருந்தாள்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு. விடிகாலை 3.15

துணிகளை அலசி உள்ளேயே கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். அத்தை, "மாடியில போட்டா ஒரு மணி நேரத்துல காயும்" என்றார். மாடியில் புறா எச்சம் என்றேன். பாப்பாவுக்குக் காலைவெயில் காட்டுவதைக்கூட நடையிலேயே வைத்துக்கொள்கிறேன். எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவர் என் முழங்கால் உயரம்தான். அதைக் கட்டியவர்கள் ஏன் அவ்வளவு தாழ்வாகக் கட்டினார்கள் என்று அடிக்கடி தோன்றுகிறது.

பவுடர் டப்பா என் கல்லூரிப் பெட்டிக்குள், ஆய்வேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அத்தை அங்கேதான் வைத்திருக்கிறார். நான் நினைத்ததைவிட நாள் வருகிறது. ராத்திரி இரண்டு தடவை, பகலில் ஒன்று என்று எடுத்தும் பாதிக்குக் கீழே இறங்கவில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

நான்கு கிலோ தொண்ணூறு.

ரிஸ்வானா கிளம்பும்போது தயங்கினாள். "அக்கா, ஒரு உதவி. இருபத்தொன்பதாம் நம்பர் அக்கா, பந்தல்குடிப் பக்கம், மாரீஸ்வரின்னு பேரு. மில்லு வேலை பாத்தவங்க. பிள்ளை பொறந்து பத்தொம்பது நாள். எடை ஏறல. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கேன். நீங்களும் ரெண்டு வார்த்த தைரியம் சொன்னா நல்லாருக்கும். ஒங்க கடிதத்த நான்தான் வாசிச்சுக் காட்டுனேன். அழுதுட்டாங்க."

மாலையில் மாரீஸ்வரியே கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்கதான் பதினேழா?"

"ஆமா, சொல்லும்மா."

"எங்கத்தை பவுடர் வாங்கிட்டு வந்து வச்சிருக்குக்கா. குடுறி குடுறின்னு ஒரே ஏச்சு. எனக்கு நெஞ்சுல சொட்டுச் சொட்டாத்தான் வருது. என்ன செய்ய?"

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம் மேடம். அத்தை அடுப்படியில் இருந்தார், ரிஸ்வானா பஸ் ஏறிப் போயிருந்தாள், யாரும் இல்லை.

"பவுடர் பழக்கிட்டா அப்புறம் பிள்ள மாருல குடிக்காது. விடாம வச்சுக்கிட்டே இரு. உருண்டையக் கூட்டிக்க. நாலு சாப்பிடு. எனக்கு ஒரே வாரத்துல வந்துச்சு" என்றேன்.

"சத்தியமா வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

பாடப் புத்தகத்தில் உள்ளதைத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

மாரீஸ்வரி மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். ஒருமுறைதான் எடுத்தேன். பிள்ளை அழுவதைக் குறைத்துவிட்டதாம், இப்போது ரொம்ப நேரம் தூங்குகிறதாம். நல்லதுதானே அக்கா என்று கேட்டாள். நல்லதுதான் என்றேன்.

செப்டம்பர் 4, திங்கள்

எடை பெறாத பிள்ளை அழாமல் தூங்கினால் அது நல்லதல்ல. முதல் வருடப் பாடம் அது. நான் அதற்குப் பதக்கம் வாங்கியவள். போனில் அவள் சொன்னபோது என் காது கேட்டது, தலை கேட்கவில்லை.

மத்தியானம் ரிஸ்வானா கூப்பிட்டாள். மாரீஸ்வரியின் பிள்ளையை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் கூப்பிட்டும் தட்டியும் கண் திறக்கவில்லையாம். உடம்பில் தண்ணீரே இல்லாமல் வற்றிப்போயிருக்கிறது. குளுக்கோஸ் ஏற்றத் தலையில்தான் நரம்பு கிடைத்ததாம்.

"பொழச்சுக்குமா ரிஸ்வானா?"

"நாப்பத்தெட்டு மணி நேரம் பாக்கணும்னு சொல்றாங்கக்கா." அவள் குரல் உடைந்திருந்தது. "நான் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொன்னேன். அந்தக்கா போகல. பதினேழாம் நம்பர் அக்கா விடாம வச்சுக்கச் சொன்னாங்க, வந்துரும்னாங்கன்னு அவங்க வீட்டுல சொல்றாங்க. நீங்க நல்லதத்தான்க்கா சொன்னீங்க. ஒங்கமேல தப்பில்ல."

போனை வைத்துவிட்டு உலையில் அரிசி போட்டேன். சோறு குழைந்துபோனது. அத்தை அதையே மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 5, செவ்வாய்

இன்று அத்தை வேலைக்குப் போகவில்லை. ரிஸ்வானாவும் மதுரையில் இருப்பதால் எடை பார்க்கவில்லை. அத்தை பாப்பாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"சோத்தத் திங்காம ரெண்டு நாளு. என்னான்னு சொல்லு."

"ஒண்ணுமில்ல அத்த."

"அந்தப் பந்தல்குடிப் பிள்ளையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்துபோய் என் கல்லூரிப் பெட்டியைத் திறந்து பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் வைத்தார்.

"இது எத்தன நாளாத் தீரலேன்னு நெனைக்க?"

நான் மூடியைத் திறந்து பார்த்தேன்.

"ஒரு டப்பா ஆறு நாளைக்குத்தான் வரும்த்தா. ஊரெல்லாம் தாய்ப்பால் தாய்ப்பால்னு மைக்குல கத்துறவ, உள்ளூர்க் கடையில போயி இத வாங்க முடியுமா? காரியாபட்டிக்குப் பஸ் ஏறிப் போயி வாங்கிட்டு வந்து நீ தூங்குறப்ப இதுல தட்டி வைப்பேன். நாலாவது டப்பா இது."

"எப்பத் தெரியும் அத்த?"

"மொத நாளே தெரியும். ராத்திரி எந்திரிச்சு பால ஊதி ஆற வச்சு அழுதுகிட்டே ஊட்டுன. நான் பாத்துட்டுப் படுத்துக்கிட்டேன். பிள்ள வவுறு நெறையுது, அது போதும்னு இருந்தேன். நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்."

"நீங்க குடுத்ததா நோட்டுல எழுதி வச்சிருக்கேன். வயசானவங்க, சொன்னாப் புரியாதுன்னு" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார் மேடம். "என்னயவா? அம்பத்தொரு வயசுல நான் கெழவியாயிட்டேனா? எழுது, எழுது. மாமியான்னா அதுக்குத்தான இருக்கா."

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எடை பாக்க வர்ற புள்ளட்ட நான் சொன்ன பொய்யும் இதுல சேத்திதான். எங்க வீட்டுல வாசமே கெடையாதுன்னேன். நான் அன்னைக்கே வாயத் தொறந்திருந்தா பந்தல்குடிக்கு அந்தக் காகிதம் போயிருக்காது."

அத்தை டப்பாவை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"இன்னொண்ணு கேப்பேன். மறைக்காமச் சொல்லு. மாடிக்கு ஏன் நீ ஏறுறதில்ல?"

நான் புறா என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னேன். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவரோரம் போனால் என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் என்று. செய்ய ஆசையில்லை, செய்துவிடுவேனோ என்று பயம் என்று. இரண்டும் ஒன்றா வேறா என்றுகூடத் தெரியவில்லை என்று.

அவர் திடுக்கிடவில்லை. "எத்தன நாளா?"

"ஆடி மாசத்துலருந்து."

"சரி. நாளைக்கும் லீவு போட்டிருக்கேன். காலைல ஆஸ்பத்திரிக்குப் போவோம். பிள்ளைக்கு இல்ல, ஒனக்கு. அவனையும் ஓசூர்லருந்து வரச் சொல்லிட்டேன்."

இன்றிரவு பாப்பா அத்தையின் பக்கத்தில் படுத்திருக்கிறாள். பவுடர் பாலைப் பகலில், எல்லோரும் பார்க்க, நடுவீட்டில் உட்கார்ந்து ஊட்டினேன்.

செப்டம்பர் 6, புதன். இரவு 11.20

மேடம், இந்த நோட்டை ஆறு மாதம் முடிந்த பிறகுதான் நீங்கள் வாங்குவீர்கள். நான் நாளைக் காலை முதல் பஸ்ஸில் அத்தையிடம் கொடுத்து உங்கள் கைக்கே அனுப்புகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். அங்கே டாக்டரம்மா ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளை பெற்ற பிறகு இப்படி வருவதுண்டு என்றும், மருந்து உண்டு என்றும், தனியாக இருக்கக்கூடாது என்றும் சொன்னார். இதை நானே தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. ஆகஸ்ட் 10 ராத்திரியிலிருந்து இன்றுவரை என் மகள் பவுடர் பால் குடிக்கிறாள். முதல் டப்பா வாங்கியதும் கரைத்ததும் ஊட்டியதும் நான். அத்தை கொடுத்தார் என்று எழுதியது பொய். அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக. பதினேழாம் எண் படிவத்தில் ஆகஸ்ட் 10க்குப் பிறகு உள்ள 'இல்லை' எல்லாம் பொய். பாப்பாவின் எடை ஏறியது உருண்டையால் அல்ல. நான்கு உருண்டை என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

வேறு பால் கொடுத்தால் யாரும் திட்டமாட்டார்கள், எழுதுங்கள் என்று முதல் நாளே நீங்கள் சொன்னீர்கள். வேறு பால் கொடுக்கிறவர்கள் இரண்டாவது பட்டியலுக்குப் போவார்கள், அவ்வளவுதான். உங்கள் மாணவி நான் இரண்டாவது பட்டியலில் இருப்பதா என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

நன்கொடை கொடுத்தவர்களுக்கு இன்னொரு கடிதம் போக வேண்டும். அதையும் எழுதியிருக்கிறேன். இந்த முறை கிழிக்கவில்லை.

"என் கடிதத்தை நம்பி நீங்கள் நன்கொடை கொடுத்தீர்கள். அதில் நான் எழுதியது உண்மையல்ல. என் மகள் வளர்ந்தது பவுடர் பாலில். இதில் என் ஆசிரியைக்கும் ரிஸ்வானாவுக்கும் பங்கில்லை. என் பேச்சைக் கேட்ட ஒரு தாயின் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. கொடுத்ததைத் திரும்பக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இந்த உணவு பால் ஊறவைக்கிறதா, இல்லையா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் ஆய்வு. இல்லை என்று முடிவு வந்தாலும் அது ஒரு தாய்க்கு உதவும். நாகஜோதி காளீஸ்வரன்."

அதே படத்தைப் போட்டே அனுப்புங்கள். யார் எழுதியது என்று தெரிய வேண்டும். செண்பகவல்லிக்கு மட்டும் நான் முன்பே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "அப்ப நீயும் என்னைய மாதிரிதானா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாரீஸ்வரிக்கும் கூப்பிட்டேன். அவள் போனை அணைத்து வைத்திருக்கிறாள். ரிஸ்வானாவிடம் கேட்கத் தைரியமில்லை. நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லையாம். நீங்கள் மதுரைக்குப் போயிருப்பீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்னவாக இருந்தாலும் என்னிடம் மறைக்க வேண்டாம். அத்தையும் இவரும் பக்கத்தில் இருக்கிறார்கள், நான் தனியாக இல்லை.

என்னை ஆய்விலிருந்து நீக்குங்கள், அல்லது இரண்டாவது பட்டியலில் போடுங்கள், எதுவென்று நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்கு நாளானாலும் பரவாயில்லை. அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சீக்கிரம் பதில் எழுதுங்கள், மேடம்.